நெல்லிக்குப்பம் பம்பு செட்டும் கடலூர்ப் படகும்

நெல்லிக்குப்பத்தில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆயில் இன்ஜினைக் கிளப்புகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். குழாயில் ரப்பர் ஓஸ் மாட்டியிருந்தால், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் முதல் நொடியில் ஓஸின் நுனியைக் காலால் மிதித்துக்கொள்வார்கள். மறந்துவிட்டால் அது பாம்பு மாதிரி துள்ளி வரப்பில் கிடப்பவற்றையெல்லாம் நனைத்துவிடும். தண்ணீர் முன்னால் பாய்கிறது, குழாய் பின்னால் உதைக்கிறது. அந்த உதையைப் படகின் பின்பக்கத்தில் கட்டிவிட்டால் படகு ஓடும். உலகத்தில் மோட்டார் வைத்து ஓடும் படகு எதுவானாலும், அதன் அடியில் நடப்பது இந்தக் கரும்புக்கொல்லை வேலைதான்.

நெல்லிக்குப்பத்துக்கு இயந்திரம் புதிதல்ல. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842-இல் தொடங்கிய வரலாறு கொண்ட ஊர் அது. அங்கிருந்து கிழக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறங்கலாம். உப்பனாற்றில் வரிசையாக நிற்கும் விசைப்படகுகளைப் பார்த்து யாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "எத்தனை எச்.பி.?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த எச்.பி. எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறது? ஷாஃப்ட்டும் புரொப்பெல்லரும் வழியாகவா, படகுக்கு வெளியே தொங்கும் மோட்டார் வழியாகவா, பம்பு மாதிரி உறிஞ்சிப் பீய்ச்சும் ஜெட் வழியாகவா? டீசல் செலவு, படகின் ஆயுள், ஆளின் உயிர் மூன்றும் இந்தப் பதிலில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

இதை இங்கிலாந்துக் கடற்படை 1845-லேயே சோதித்துப் பார்த்துவிட்டது. ராட்லர், அலெக்டோ என்று இரண்டு நீராவிக் கப்பல்கள். பெயரளவில் இரண்டுக்கும் 200 குதிரைத்திறன். அலெக்டோவுக்குப் பக்கவாட்டில் துடுப்புச் சக்கரங்கள், ராட்லருக்குப் பின்னால் புரொப்பெல்லர். இரண்டையும் பின்னோடு பின்னாகக் கயிற்றால் கட்டி எதிரெதிராக இழுக்க விட்டார்கள். அலெக்டோவின் சக்கரங்கள் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே, ராட்லர் அதைப் பின்புறமாக இழுத்துக்கொண்டு மணிக்கு இரண்டு கடல்மைலுக்கும் மேலான வேகத்தில் போனது.

புரொப்பெல்லர் ஜெயித்தது சரி, எல்லாப் புரொப்பெல்லரும் ஒன்றா? இல்லை. இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. படகைத் தள்ளும் விசை, எவ்வளவு தண்ணீரை எவ்வளவு வேகமாகப் பின்னால் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதற்கு ஆகும் சக்தியோ வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. இரண்டு மடங்கு தண்ணீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே விசை கிடைக்கும், தண்ணீருக்குள் விரயமாகும் சக்தி பாதியாகிவிடும். அதனால்தான் வலை இழுக்கும் படகுக்குப் பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்கிறார்கள். 1,800 சுற்றில் ஓடும் இன்ஜினுக்கு நாலுக்கு ஒன்று கியர் பாக்ஸ் போட்டால் ஷாஃப்ட் 450 சுற்றுதான் சுற்றும். சிறிய புரொப்பெல்லரை 1,800 சுற்றில் நேரடியாக ஓட்டினால் இதழின் முதுகில் அழுத்தம் குறைந்து, நீர் அங்கேயே ஆவிக் குமிழியாகி வெடிக்கும். சில மாதங்களில் வெண்கல இதழ் அம்மைத் தழும்பு விழுந்தது போலாகிவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடலூர்த் துறைமுகத்துக்குப் போனால் இதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் படகுகளைக் கரையேற்றி, பாசியும் சிப்பியும் சுரண்டி, பெயின்ட் அடித்து, ஷாஃப்ட்டை உருவிப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் கிடந்த பாகங்கள் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகின்றன: கியர் பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்ட், அது படகின் உடலைத் துளைத்து வெளியேறும் குழாய், கடல் நீர் உள்ளே வராமல் தடுக்கும் கிளாண்டும் அதற்குள் சுற்றிய கொழுப்புக் கயிறும், கடைசியில் புரொப்பெல்லர், அதன் பின்னால் சுக்கான். மிகப் பழைய மோட்டார் படகு அமைப்புகளில் ஒன்று இது. ரிப்பேருக்கு லேத் பட்டறையும் வெல்டிங்கும் போதும். கடலூரிலோ பரங்கிப்பேட்டையிலோ செய்துகொள்ளலாம், கம்பெனி ஆளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம்.

வலை இழுக்கும் படகுகளுக்கு இதில் ஒரு மேம்பாடும் உண்டு. ஜெர்மனிக்காரர் லுட்விக் கோர்ட் 1930-களில் புரொப்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் போட்டார். மெதுவாக, கனமாக இழுக்கும் வேலையில் அந்த வளையம் இழுவிசையை ஏறத்தாழ கால் பங்குவரை கூட்டித் தருகிறது. வேகமாக ஓடும் படகில் அதே வளையம் சுமையாகிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் புரொப்பெல்லர், வளையம், படகின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து டீசலை மிச்சப்படுத்தும் வழிகளைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது.

இனி வேகத்துக்காகப் பெரிய இன்ஜின் மாட்டும் 'ஸ்பீடு இன்ஜின்' விவகாரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகு 24 மீட்டர் நீளத்தையும் இன்ஜின் 240 குதிரைத்திறனையும் தாண்டக் கூடாது. ஆனாலும் அதைவிடப் பெரிய இன்ஜின்கள் மேல் ஆசை குறையவில்லை. காரணம் இருக்கிறது. சுருக்குமடி வலை போடுபவர்களுக்கு மத்தியும் கவலையும் கூட்டமாக மேலே வந்து நிற்கும் சில நிமிடங்கள்தான் வாய்ப்பு. மீன் கலைவதற்குள் வலையோடு ஒரு வட்டம் அடித்து முடிக்க வேண்டும். சுருக்குமடிக்குத் தமிழ்நாட்டில் 2000 முதலே தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில் 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணிவரை அனுமதித்தது. அந்தப் பத்து மணி நேரத்துக்குள் போய், வளைத்து, பிடித்துத் திரும்ப வேண்டுமென்றால் யாருக்கும் வேகத்தின் மேல்தான் கண் போகும்.

சிறு படகு வைத்திருப்பவர்களின் கோபமும் நியாயமானது. ஒரு பெரிய படகு ஒரே வளைப்பில் அள்ளிப்போனால், பத்துக் குதிரைத்திறன் ஃபைபர் படகில் போகிறவர் வெறும் வலையோடு திரும்புகிறார். தேவனாம்பட்டினம் முதல் சாமியார்பேட்டை வரை இந்தச் சண்டையால் ஊருக்கு ஊர் பேச்சு முறிந்த காலங்கள் உண்டு.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று, பெரிய இன்ஜின் வைத்தாலும் படகு அந்த அளவுக்கு ஓடிவிடாது என்பது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகுக்கு அதன் நீளமே வேகத்தின் எல்லை. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை தெரிந்துவிடும். 60 அடி என்றால் மணிக்குச் சுமார் 10.4 கடல்மைல். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் படகு தன் முன்னால் எழுப்பிய அலையின் மீதே ஏற முயன்று, பின்பக்கம் புதைந்து நிற்கும். எல்லைக்குள்ளேயும் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகத் திறன் தேவைப்படுகிறது. வேகத்தைப் பத்து சதம் குறைத்தால், தேவைப்படும் திறன் ஏறக்குறைய 27 சதம் குறைந்துவிடும்.

டீசலாகக் கணக்குப் போட்டால் இன்னும் உறைக்கும். நல்ல டீசல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் ஆகும். 240 குதிரைத்திறன் இன்ஜினை முழு முடுக்கத்தில் ஓட்டினால் மணிக்கு 48 லிட்டர். விசைப்படகுக்கு அரசு வருடத்துக்குத் தரும் விற்பனை வரி விலக்கு டீசல் 2023-இல் 19,000 லிட்டராக உயர்ந்தது. முழு முடுக்கத்தில் அது 400 மணி நேரத்துக்குக்கூட வராது. நாட்டுப்படகுக்குக் கிடைப்பது 4,400 லிட்டர். பத்துக் குதிரைத்திறன் இன்ஜினை முழுதாக முடுக்கினாலும் அது 2,200 மணி நேரம் ஓடும்.

அந்தப் பத்துக் குதிரைத்திறன் இன்ஜினின் கதைதான் இந்தக் கரையின் அசல் கதை.

கடலூர் மாவட்டத்து மீனவ கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்குத் துறைமுகம் கிடையாது. தாழங்குடாவோ சித்திரைப்பேட்டையோ, படகு கடலுக்குப் போவதும் வருவதும் மணற்கரையிலிருந்துதான். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும், திரும்பும்போது அதே அலையில் ஏறி மணலில் வந்து முட்ட வேண்டும். கட்டுமரத்துக்கு இது பிரச்சினையே இல்லை, அடியில் நீட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லையே. மோட்டார் வைக்கலாம் என்று வந்தபோதுதான் சிக்கல். அடியில் புரொப்பெல்லரும் சுக்கானும் தொங்கும் படகு முதல் அலையிலேயே மணலில் மோதி ஷாஃப்ட்டை வளைத்துக்கொள்ளும்.

1979-இல் சென்னையில் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் இந்த முடிச்சை எடுத்துக்கொண்டது. நார்வேக்காரர் ஒய்விந்த் குல்பிராண்ட்சென் போன்ற படகு வடிவமைப்பாளர்கள் கரையேறும் படகுகளை வரைந்தார்கள். அவற்றில் வைத்த அமைப்புக்கு 'பாப் டிரைவ்' என்று பெயர். இன்ஜின், ஷாஃப்ட், புரொப்பெல்லர் மூன்றும் ஒரே கட்டாக ஓர் அச்சில் சாயும். கரை நெருங்கும்போது அந்தக் கட்டைச் சாய்த்துத் தூக்கினால் புரொப்பெல்லர் அடிமட்டத்துக்கு மேலே வந்துவிடும், படகு வெறும் வயிற்றோடு மணலில் வழுக்கி ஏறும்.

பிறகு கரையில் பரவியது அதைவிட எளிமையான தம்பி. படகின் பின்பக்கத்தில் ஒரு முளையின் மேல் சிறிய டீசல் இன்ஜின், அதிலிருந்து நீளமாக ஒரு வால் ஷாஃப்ட், நுனியில் சிறிய புரொப்பெல்லர். கைப்பிடியை அழுத்தினால் வால் தூக்கிக்கொள்ளும், பக்கவாட்டில் தள்ளினால் படகு திரும்பும். சுக்கானே வேண்டாம். தாய்லாந்துக் கால்வாய்களில் ஓடும் நீள்வால் படகும் இதே குடும்பம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளோடு இந்த வால் இன்ஜினும் ஊர் ஊராக வந்து சேர்ந்தது. கிரீவ்ஸ் போன்ற கம்பெனிகளின் சிறு டீசல் இன்ஜின்கள் பம்பு செட்டிலும் ஓடும், மூன்று சக்கர வண்டியிலும் ஓடும், படகிலும் ஓடும். அதனால் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. நெல்லிக்குப்பம் மெக்கானிக்கும் தேவனாம்பட்டினம் மெக்கானிக்கும் ஒரே ஸ்பானரை எடுக்கிறார்கள்.

சரி, சக்தி நிறைய வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் உலகத்தில் வேறு என்னதான் இருக்கிறது?

அவுட்போர்டு மோட்டார் ஒன்று. அமெரிக்காவில் ஓலே எவின்ருட் 1909-இல் விற்கத் தொடங்கியது. இன்ஜின், கியர், புரொப்பெல்லர், சுக்கான் எல்லாம் ஒரே துண்டு. கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கரை வந்தால் சாய்க்கலாம். குமரிக் கரையிலும் கேரளத்திலும் யாழ்ப்பாணத்து ஃபைபர் படகுகளிலும் இதுதான் ராஜா. பெரியதாகப் போனால் மெர்க்குரி கம்பெனி 2021-இல் 600 குதிரைத்திறனில் பன்னிரண்டு சிலிண்டர் அவுட்போர்டையே இறக்கிவிட்டது. சிக்கல் எரிபொருளில் இருக்கிறது. பெரும்பாலானவை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுகின்றன, நாள் முழுக்க உழைக்கும் வேலைக்கு டீசலின் சிக்கனம் அவற்றுக்கு வராது.

ஸ்டெர்ன் டிரைவ் இன்னொன்று. வால்வோ பென்டா 1959-இல் கொண்டுவந்தது. இன்ஜின் படகுக்குள்ளே, காலோ வெளியே தொங்கும். சாய்க்கலாம், திருப்பலாம், டீசலும் போடலாம். உல்லாசப் படகுக்கு அருமை. ஆனால் சக்தி இரண்டு முறை செங்கோணத்தில் திரும்பிக் கீழே இறங்குகிறது. அந்தக் கியர்களும் ரப்பர் உறையும் வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் பராமரிப்பு கையைக் கடிக்கும்.

படகின் அடியில் முன்னோக்கிய புரொப்பெல்லர்களோடு தொங்கும் பாட் அமைப்பும் உண்டு. துறைக்குள் விரல் நுனியில் படகைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். ஆழமான, வலை மிதக்காத துறைமுகம் அதற்கு வேண்டும். வெள்ளாறு கடலில் கலக்கும் அன்னங்கோயில் முகத்துவாரம் மாதிரி மணல் தூர்ந்து கிடக்கும் இடத்தில் முதலில் தரைதட்டுவது அதுவாகத்தான் இருக்கும்.

கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் ஆர்னெசன் உருவாக்கிய மேல்மட்ட டிரைவ் வேறு ரகம். ஷாஃப்ட் படகின் பின்சுவரிலிருந்து நேராக வெளியே வரும், புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி மட்டும் தண்ணீரில், மேல்பாதி காற்றில். அடியில் ஷாஃப்ட்டும் தாங்கியும் இழுத்துக்கொண்டு போகாததால் மிக அதிக வேகத்தில் பெரிய லாபம். நம்மூர் வால் இன்ஜின் ஆழம் குறைந்த இடத்தில் அரைகுறையாக முழுகிச் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்து உறவாகத் தெரியும். மெதுவாக வலை இழுக்கும்போது இதற்குப் பிடிமானம் போதாது.

கடைசியாக, நம் கரும்புக்கொல்லைப் பம்பு. நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்பவருக்குத் தன் ஊரின் கணுக்கால் ஆழக் கல்லாறுகளில் படகு ஓட்ட வேண்டியிருந்தது. 1950-களில் அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட்டை அவர் செம்மைப்படுத்தினார். பீய்ச்சும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கியதும் வேகம் கூடியது. 1960-இல் அந்தப் படகுகள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றை எதிர்த்து ஏறின. இன்று இந்தியக் கடலோரக் காவல்படைக்காக எல் அண்ட் டி கட்டிய 27.8 மீட்டர் இடைமறிப்புப் படகுகள் ஜெட்டில்தான் மணிக்கு 45 கடல்மைல் வேகம் தொடுகின்றன. வெளியே சுற்றும் இதழ் இல்லை, ஆழம் குறைந்த நீரிலும் போகலாம், நீந்துகிறவருக்கும் பயமில்லை.

அப்படியானால் கடலூர் மீன்பிடிப் படகுக்கு ஜெட் வைத்தால் என்ன? பம்பு செட் வைத்திருப்பவரே பதில் சொல்லிவிடுவார். கிணற்றில் ஃபுட் வால்வை இலை தழை அடைத்தால் குழாயில் தண்ணீர் நூலாகிவிடும். உப்பனாற்றில் மிதக்கும் பாலித்தீன் பையும் அறுந்த வலையும் ஜெட்டின் வாயில் அதையேதான் செய்யும். இன்னொன்று, குறைந்த தண்ணீரை மிக வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் அது. மணிக்கு இருபத்தைந்து கடல்மைலுக்கு மேல் ஓடினால் லாபம் தரும். மூன்று கடல்மைல் வேகத்தில் வலை இழுத்தால் டீசலைக் கடலில் கொட்டுவதற்குச் சமம்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில், இடத்துக்கேற்ற கருவி என்னும் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகிவிடும். அகலமான கால்வாயில் மோட்டார் படகு போகிறது. சுரபுன்னை வேர்கள் இருபுறமும் இறங்கி, கிளைகள் தலையைத் தொடும் குறுகலான ஓடைக்குள் துடுப்புப் படகு மட்டும்தான் நுழைகிறது. துடுப்பை வேருக்கும் வேருக்கும் நடுவே ஊன்றித் தள்ளுகிற கைக்கு, தண்ணீரின் ஆழம் நொடிக்கு நொடி தெரிந்துகொண்டே இருக்கிறது.

முதுநகரில் தடைக்காலத்தின் கடைசி வாரம். கரையேறி நிற்கும் ஒரு விசைப்படகின் நிழலில், உரிமையாளர் இளைஞரும் மெக்கானிக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். மெக்கானிக் நெல்லிக்குப்பம் பக்கம் பம்பு செட் பழுது பார்த்துத் தொழில் கற்றவர்.

"அண்ணே, போன வருஷம் பூரா இன்ஜின் ஆயிரத்து அறுநூறு சுத்தத் தாண்டவே இல்ல. ஒரே கரும்புகை. பேசாம பெரிய இன்ஜினா எறக்கிடலாமா?"

"ஆயிரத்து எண்ணூறு வரணும்ல. ஏன் வரலன்னு மொதல்ல பாரு தம்பி. காத்தாடிய எப்ப மாத்துன?"

"அதுக்கு முந்துன வருஷம். வேகம் வரும்னு பிட்ச் கூட வச்சது போட்டாங்க."

"அப்ப அதான். சைக்கிள்ள பெரிய பல்லு போட்டு மேட்டுல மிதிச்சா கால் வலிக்கும். காலயா மாத்துவ?"

காத்தாடி என்று அவர்கள் சொல்லும் புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். அது இன்ஜினால் தாங்க முடியாத அளவுக்குக் கூடிவிட்டால் இன்ஜின் முழுச் சுற்றுக்கு வராது. ஊற்றும் டீசல் சரியாக எரியாமல் புகையாகும், நாளடைவில் பிஸ்டனும் வால்வும் கருகும். குறைந்துவிட்டால் இன்ஜின் சும்மா கத்தும், படகு நகராது. மெக்கானிக் டேப்பை எடுத்து இதழின் நுனியிலும் அடியிலும் அளக்கிறார், எண்களைப் படகின் உடலிலேயே சாக்பீஸால் எழுதுகிறார். கீழ்ப்புறம் ஒட்டியிருந்த சிப்பித் திட்டை நகத்தால் பெயர்த்துக் காட்டி, இதுவும் சேர்ந்து இழுத்திருக்கிறது என்கிறார். இதழ் பட்டறைக்குப் போகிறது, புதிய இன்ஜின் பேச்சு நின்றுவிடுகிறது.

நாலு நாள் கழித்துப் படகு ஆற்றில் இறங்குகிறது. இன்ஜின் அறைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு மெக்கானிக் கிளாண்டின் பக்கத்தில் குனிந்து உட்காருகிறார். அது ஒரேயடியாக ஒழுகினாலும் தப்பு, சுத்தமாகக் காய்ந்து போனாலும் தப்பு. கொழுப்புக் கயிற்றை நனைத்துக் குளிர்விக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். நட்டைக் கால் சுற்று இறுக்குகிறார், கையை அடியில் நீட்டுகிறார். மேலே டிரைவர் முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போய், "ஆயிரத்து எண்ணூறு வந்துடுச்சுண்ணே" என்று கத்துகிறார். புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் நிறம்தான். கீழே மெக்கானிக் உள்ளங்கையில் விழும் சொட்டுகளை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.